மார்கழிக் கீரைக்குக் குன்றத்தூர் வாங்க!

மார்கழி பிறந்தால் சென்னைக்காரர்களுக்கு சபா, கச்சேரி, கேன்டீன் காபி. எல்லாம் நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் பனிக்காலத்தில் பார்க்க வேண்டிய முதல் விசேஷம் குன்றத்தூர்ப் பக்கத்துக் கீரைத் தோட்டம்தான். பொழுது விடியறதுக்கு முன்னால் அங்கே ஒரு வரப்பில் போய் நின்று பாருங்கள். பாத்தி பாத்தியாகச் சிறுகீரை, அரைக்கீரை, வெந்தயம், கொத்தமல்லி. இலைக்கு இலை பனி. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கிணற்றடியில் மோட்டார் ஓடும் சத்தம். அங்கிருந்து கிளம்ப எனக்கு மனசே வராது.

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் தாண்டி அடையாற்றைக் கடந்தால் குன்றத்தூர். குன்றின் மேல் 84 படி ஏறினால் முருகன். ஊருக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி என்றுதான் நகரத்தில் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் தண்ணீர் மட்டம் ஏறுவதும் இறங்குவதும் இந்த ஏரியைப் பொறுத்துத்தான் என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்துவிட்டால் மார்கழியில் கிணற்றில் எட்டிப் பார்த்தாலே தண்ணீர் கண்ணில் படும்.

எனக்குப் பழக்கமான வீடு ஒன்று உண்டு. ஆயா, அவருடைய மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. நான் மகனை அண்ணன் என்றும் மருமகளை அக்கா என்றும் கூப்பிடுவேன். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. கீரைதான் பிழைப்பு. ஓரத்தில் அவரைப் பந்தல், மொச்சை, நாலு பூசணிக்கொடி. இந்த வீட்டில் மார்கழி, தை இரண்டு மாதமும் எப்படி நடக்கிறது என்று பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பத்துப் பேருக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

மழைக்காலம் இவர்களுக்குப் பொல்லாத காலம். ஏரியில் தண்ணீர் திறந்தால் ரேடியோவிலும் டிவியிலும் எச்சரிக்கை வரும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை என்று உபரிநீர் போகிற வழியை வரிசையாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலைப் பேத்திகூட மனப்பாடமாகச் சொல்லும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி ஆயா இன்னமும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அதனால்தானோ என்னவோ, மழை ஓய்ந்து முதல் பனி விழுந்த அன்று இந்த வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்துவிடுகிறது. வடிகால் வெட்டி, பாத்தியை உயர்த்தி, மக்கின தொழுஉரம் போட்டுக் கொத்திவிட்டு, விதைக்கக் கிளம்பிவிடுவார்கள்.

விதைப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கீரை விதை கடுகைவிடப் பொடிசு, கறுப்பாகப் பளபளக்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்துவிடும். அதனால் சலித்த மணலோடு கலந்து, கையை வீசி, இரண்டு விரல் சந்தில் நழுவவிட்டுத் தூவுவார் ஆயா. பாத்தி முழுக்க ஒரே சீராக முளைத்து வருவதைப் பார்த்தால் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றிருக்கும். கொத்தமல்லிக்கு வேறு வைத்தியம். விதையைத் தரையில் போட்டுச் செங்கல்லால் மெதுவாகத் தேய்த்து இரண்டாக உடைப்பார் அக்கா. உடைத்தால்தான் இரண்டு பாதியும் தனித்தனியாக முளைக்கும். "அழுத்தித் தேய்க்காதம்மா, உள்ள இருக்கிறது நசுங்கிடும்" என்று ஆயா திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிட மாட்டார்கள். நாளுக்கு ஒரு பாத்தியாக விதைப்பார்கள். சிறுகீரை மூன்று, நாலு வாரத்தில் பிடுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். இப்படி விதைத்தால்தான் தினம் ஒரு பாத்தி கைக்கு வரும், தினம் காசு வரும். அரைக்கீரைக்கு வேர் மண்ணிலேயே இருக்கும். அரிவாளால் மேலாக அறுத்துக்கொண்டே இருக்கலாம், திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

பனிக்கும் கீரைக்கும் உள்ள உறவு எனக்கு இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. வெயில் பிடித்தவை சிறுகீரையும் முளைக்கீரையும். மார்கழியில் அவை கொஞ்சம் மந்தமாகத்தான் வளரும், பறிக்கச் சில நாள் கூடப் பிடிக்கும். வெந்தயக்கீரைக்கும் கொத்தமல்லிக்கும் பாலக்கீரைக்கும் இதுதான் கொண்டாட்டம். சித்திரையில் கொத்தமல்லி போட்டால் இலை விடுவதற்குள் தண்டு நீண்டு பூத்துவிடும். மார்கழியில் அதே விதை கரும்பச்சையாக, அகல அகலமாக இலை விட்டு நிற்கும். ஒரு கட்டைக் கையில் எடுத்தாலே வாசனை முழங்கை வரைக்கும் ஏறும். தை மாதத்துக் கொத்தமல்லித் துவையல் சாப்பிட்டவருக்கு மற்ற மாதத்துத் துவையல் இறங்காது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இந்த வீட்டின் விடியற்காலையைச் சொல்லிவிடுகிறேன். நாலரைக்கு அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். சாணி உருண்டையில் பூசணிப்பூ வைக்க வேண்டும். அந்தப் பூவுக்கு இந்த வீட்டில் பஞ்சமே இல்லை. ஆனால் கண்ட பூவையும் கிள்ள மாட்டார்கள். அடியில் சின்னப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ, அதைத் தொடக் கூடாது. வெறும் காம்போடு நிற்கிற ஆண் பூவைத்தான் பறிக்கலாம். அதிலும் வண்டு வந்து போக நாலைந்து பூவைக் கொடியிலேயே விட்டுவிட வேண்டும். பேத்தி டார்ச் அடித்துக்கொண்டு போய், இலையை விலக்கி, காம்பைப் பார்த்துப் பார்த்துப் பறிக்கும். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் அந்தப் பூவைக் கேட்டு வருவார்கள். காசு வாங்க மாட்டார் ஆயா. "மார்கழிப் பூவுக்குக் காசா, போம்மா" என்பார்.

கோலம் முடிந்ததும் கீரை பிடுங்க இறங்குவார்கள். அதைப் பார்க்கத்தான் நான் ஓடுகிறேன். ஆயா குந்தி உட்கார்ந்து, இடது கையால் ஒரு பிடி சேர்த்து, வலது கையால் அடியோடு இழுப்பார். மழைக்குப் பிறகு மண் பொதபொதவென்று இருப்பதால் வேர் அறுபடாமல் முழுசாக வரும். ரோஜா நிறத்தில் இருக்கும் அந்த வேர். ஒரு உதறு, மண் போய்விடும். வேரையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, ஈர வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிச் செருகினால் ஒரு கட்டு. முடிச்சே கிடையாது! அடுத்த கட்டுக்குக் கை போய்விடும். எந்தக் கட்டை எடுத்துப் பார்த்தாலும் பருமன் ஒன்றுதான்.

அடுத்தது தொட்டி. மோட்டாரிலிருந்து விழுகிற தண்ணீரில் ஆவி பறக்கும். வெளியே 20 டிகிரி பக்கம் இறங்கியிருக்கும்போது பூமிக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். குளிரில் விறைத்த கையைத் தொட்டியில் விட்டால், ஆகா, என்ன சுகம்! கட்டைத் தலைகீழாகப் பிடித்து வேரை முக்கி இரண்டு அலசு. மண் கலங்கிக் கீழே இறங்கும், கட்டு பளிச்சென்று மேலே வரும். பொழுது விடிவதற்குள் டிவிஎஸ் எக்செல் வண்டியில் இரண்டு பக்கமும் கூடை கட்டி அண்ணன் கிளம்பிவிடுவார். பம்மல், அனகாபுத்தூர் தெருக்களில் காபி குடித்துக்கொண்டிருப்பவர்கள் காதில் "கீரேய்..." என்று விழுவது அந்தக் குரல்தான்.

பனி ஒரு வேலைக்காரனும்கூட. மார்கழியில் அவரைக் கொடியின் நுனியிலும் பூவிலும் அசுவினி அப்பிக்கொள்ளும். ஆயா அதற்கு அடுப்புச் சாம்பலைச் சலித்து வைத்திருப்பார். விடியற்காலையிலேயே தூவ வேண்டும். இலை பனியில் நனைந்திருக்கும்போது தூவினால்தான் சாம்பல் ஒட்டும். வெயில் ஏறிவிட்டால் காற்றில் பறந்துவிடும். ஒரு செலவும் இல்லாமல், அடுப்பையும் பனியையும் சேர்த்து ஒரு வைத்தியம். இதைக் கண்டுபிடித்தவர்களைக் கும்பிட வேண்டும்.

கோயம்பேட்டுக்குப் போகிற கீரை சாயங்காலம் பறிப்பது. பனி ஈரத்தோடு கட்டி மூட்டையாக அடுக்கினால் உள்ளே புழுங்கி அழுகிவிடும் என்பதால் மூன்று மணிக்கு மேல்தான் அரிவாளை எடுப்பார்கள். அக்கம்பக்கத்து நாலைந்து தோட்டத்துக் கட்டுகளும் சேர்ந்து ஒரே குட்டி யானை வண்டியில் இரவு ஏறும். 1996இல் கோயம்பேடு சந்தை வந்ததிலிருந்து இதுதான் வழக்கம் என்பார் அண்ணன். 2020இல் கொரோனா சமயத்தில் காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றியபோது, சந்தையே ஏரிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டதே என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். மழை நாளில் கீரை விலை எகிறும், ஆனால் அப்போது கையில் கீரை இருக்காது. தையில் எல்லோர் தோட்டத்திலும் விளைந்து நிற்கும், விலை இறங்கிவிடும். இந்தக் கணக்கு எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. பேரம் பேசாமல் வாங்குகிற ஒவ்வொருவரையும் ஆயா பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். அப்போது பிடுங்கிய சிறுகீரை, மண்சட்டி, பூண்டு, பச்சைமிளகாய், கொஞ்சம் சீரகம். மூடாமல் வேகவைத்து, மத்தால் கடைந்து, வடகம் தாளித்து இறக்குவார் அக்கா. அதற்குக் கேழ்வரகுக் களி. தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு. களி உருண்டையில் நடுவே குழி செய்து கடைசலை ஊற்றிக் குளிருக்கு அடக்கமாக அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ருசியை நான் எந்தப் பெரிய ஓட்டலிலும் கண்டதில்லை. பறித்த அரை மணியில் சட்டிக்குப் போகிற கீரைக்கு ஒரு தித்திப்பு உண்டு. ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் கிடந்த கீரையில் அது இருக்காது.

இன்னொரு சந்தோஷம். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். வேளாளர் வீட்டுப் பிள்ளை, சோழ நாட்டு அமைச்சர். கும்பகோணத்துத் திருநாகேஸ்வரத்தின் மேல் இருந்த பிரியத்தில் இங்கே வடதிருநாகேஸ்வரம் கோயிலை எழுப்பியவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் கீரை வருகிற இடங்கள் என்னை உருக்கிவிடும். இளையான்குடி மாறனார் வீட்டுக்கு மழை கொட்டுகிற ராத்திரியில் பசியோடு அடியார் வருகிறார். அன்று பகலில் விதைத்த நெல்லை வாரி வந்து சோறாக்குகிறார்கள். கறிக்கு? மாறனார் இருட்டில் போய்க் கொல்லைக் குழியில் முளைத்த இளங்கீரையைப் பிடுங்கி வருகிறார். அந்த ஒரே கீரையை அம்மையார் பல வகையாகச் சமைக்கிறார். அரிவாட்டாயர் தினமும் இறைவனுக்குக் கொண்டுபோவது செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும். வறுமையில் அவர் வயிற்றை நிரப்பியதும் மனைவி கொல்லையில் பறித்த கீரைதான். மழைக்கால ராத்திரியில் ஒரு விவசாயி வீட்டில் கடைசியாக மிஞ்சுவது கீரை என்று தெரிந்த மனிதர் எழுதிய காவியம் அது. இந்த மண்ணில் கீரைப் பாத்தி ஓரத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

ஆயாவிடம் இதைச் சொன்னேன். "சாமிக்கே கீரைதான் குடுத்திருக்காங்க, வெறும் கீரையான்னு கேக்கறவங்ககிட்ட நீ போய்ச் சொல்லு" என்றார். இதோ, சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

தை நெருங்கினால் வீட்டுக்கு வேறு களை வந்துவிடும். அவரையும் மொச்சையும் காய்த்துத் தொங்கும். கோயம்பேட்டில் கரும்பும் மஞ்சள் கொத்துமாகப் பொங்கல் சிறப்புச் சந்தை தொடங்கிவிடும். கோலத்தில் வைத்த பூசணிப்பூ உருண்டைகளைத் தட்டி வறட்டியாகக் காயவைத்திருப்பார்கள். பொங்கல் பானை ஏறும் அடுப்பில் அதுவும் சேரும். மொச்சை, அவரை, பூசணி, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்டு ஒரு குழம்பு. பெரும்பாலும் அவர்கள் கை பட்டு விளைந்தவை. அதை இலையில் ஊற்றும்போது பேத்தி, "இது நான் தண்ணி ஊத்தின அவரை" என்று சொல்லிக்கொண்டே பரிமாறும். அந்தப் பெருமையைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

குன்றத்தூர் இப்போது நகராட்சி. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தாயிற்று. பாத்திக்குப் பக்கத்திலேயே மனை விற்பனைப் பலகை நிற்கிறது. குத்தகை நிலம் எந்த வருஷம் கைவிட்டுப் போகுமோ என்ற பயம் அண்ணனுக்கு உண்டு. எனக்கும் நெஞ்சு அடைக்கத்தான் செய்கிறது. ஆகவே கெஞ்சியே கேட்கிறேன், இந்த மார்கழியிலேயே வாருங்கள். ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் பனி போய்விடும். துணிப்பை எடுத்து வாருங்கள். முதலில் வெந்தயக்கீரை கேளுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். கொத்தமல்லியை வேரோடு வாங்குங்கள், வேரைத் தட்டி ரசத்தில் போடுங்கள். சிறுகீரையில் இரண்டு கட்டாவது எடுங்கள், கடைந்தால் சுண்டிவிடும். அன்று மத்தியானமே சமைத்துவிடுங்கள். பூசணிப்பூ வேண்டுமென்றால் ஆயாவிடம் கேளுங்கள், தருவார்.