அலகைப் பிடித்தவனுக்கே இரை

நெரவி ஊர் வயலில் டிராக்டருக்குப் பின்னால் சாதுவாக நடக்கும் உண்ணிக்கொக்கைக் கூட்டில் பார்க்க வேண்டும். தாயோ தந்தையோ வந்து இறங்கியதும் குஞ்சுகள் கத்திக்கொண்டு பாயும். கத்தினால் போதாது, எம்பி, பெற்றவரின் அலகைக் குறுக்கே கவ்விக் கீழே இழுக்க வேண்டும். அப்புறம்தான் வெட்டுக்கிளியும் தவளையும் தொண்டையிலிருந்து வரும். என்ன லாவகமான பிடி!

முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் மூத்தது முந்திப் பொரிந்து வளர்ந்துவிடுகிறது. கடைக்குட்டிக்குத் தலையில் கொத்து. சில சமயம் சாவு. பெற்றவர்கள் விலக்கிவிடுவதில்லை. போதாததற்கு, முதலில் இடும் முட்டைகளின் மஞ்சள் கருவில் ஆண் ஹார்மோன் அதிகம் என்று 1997-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அப்பட்டமான ஓரவஞ்சனை! ஆனால் இரை மலிந்த பருவத்தில் கடைக்குட்டியும் தேறிவிடுவதுண்டு.