ஆங்கில இயக்கச் சொற்றொடர் வினைகளும் அவற்றைத் தொடரும் வினைவடிவங்களும்: ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

முன்னுரை

இயக்கத்தைக் குறிக்கும், அல்லது ஒரு செயலை இயக்கமாக உருவகிக்கும் ஆங்கில வினைகள் ‘ஆன்’, ‘அவுட்’, ‘அப்’ முதலிய சிறு சொற்களோடு கூடிச் சொற்றொடர் வினைகளாகின்றன. இவற்றுள் சில, தம்மைத் தொடரும் வினையை ‘டு’ சேர்ந்த எச்சமாகவோ ‘-இங்’ வடிவமாகவோ ஏற்கின்றன. இவற்றைப் பொருட்பட்டியலாக மட்டும் கற்பிக்கும் முறை, தொடரும் வடிவத்தை மனப்பாடத்திற்கு விட்டுவிடுகிறது. அவ்வடிவமும் பொருளின் ஒரு கூறே என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

வடிவம் பொருளை மாற்றுதல்

‘கோ ஆன்’ என்பதற்குத் ‘தொடர்தல்’ என்று பொருள் கூறுவது வழக்கம். ‘ஷி வென்ட் ஆன் டீச்சிங்’ என்னும் தொடருக்கு அது பொருந்தும். முன்பே கற்பித்துவந்தவர் அதனை நிறுத்தவில்லை. ‘ஷி ஸ்டடீட் லா அண்ட் வென்ட் ஆன் டு டீச்’ என்பதிலோ கற்பித்தல் வாழ்வின் அடுத்த கட்டம். இதனைச் ‘சட்டம் பயின்றார், தொடர்ந்து கற்பித்தார்’ எனப் பெயர்த்தால், அவர் இடைவிடாது கற்பித்தார் என்றும் பொருள்படும். ‘அதன்பின் கற்பிக்கலானார்’ என்பதே தெளிவு. வாழ்க்கை வரலாற்றை மொழிபெயர்ப்போருக்கு இது நடைபற்றிய சிக்கல் அன்று. நிகழ்ச்சிகளின் வரிசையே பிறழும்.

இலக்கணமும் பொருளும்

குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோர் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம், இத்தகைய வினைகளை வினையடை பெறுவன, முன்னுருபு பெறுவன, இரண்டும் பெறுவன எனப் பகுக்கிறது. தொடரும் வடிவத்தை விளக்க இப்பகுப்பு பெரிதும் உதவுகிறது.

‘செட் அபௌட்’ என்பதில் ‘அபௌட்’ முன்னுருபு. முன்னுருபு பெயரை வேண்டுவதால், தொடரும் வினை பெயர்த்தன்மை பெற்று ‘ரைட்டிங்’ என வருகிறது. ‘கெட் ரவுண்ட் டு’ என்பதன் ‘டு’வும் எச்சக் குறி அன்று, முன்னுருபே. ‘கெட் ரவுண்ட் டு இட்’ எனப் பெயர்ச்சொல்லின் இடத்தில் ‘இட்’ வர இயல்வது இதற்குச் சான்று. எனவே அதன்பின் ‘ரீட்’ வாராது, ‘ரீடிங்’ வரும்.

ஆனால் வினையடை பெறுவனவற்றை இவ்விதி மட்டும் விளக்காது. ‘செட் அவுட்’, ‘எண்ட் அப்’ இரண்டிலும் இருப்பது வினையடையே. எனினும் முன்னது ‘டு’ எச்சத்தையும் பின்னது ‘-இங்’ வடிவத்தையும் பெறுகிறது. காரணம் பொருளில் உள்ளது. ‘செட் அவுட்’ என்பதில் செயல் இனி அடையவேண்டிய இலக்கு. ‘எண்ட் அப்’ என்பதில் அது வந்து சேர்ந்துவிட்ட நிலை; ‘எண்ட் அப் இன் ஜெயில்’ என்பதில் இடம் நிற்கும் இடத்தில் இங்குச் செயல் நிற்கிறது. ‘கோ ஆன்’ இரு வடிவங்களையும் ஏற்பதும் இதனாலேயே: ‘டு’ புதிய இலக்கைச் சுட்ட, ‘-இங்’ நடைபெறும் வழியைச் சுட்டுகிறது.

தமிழ் எச்சங்களோடு ஒப்பீடு

‘எழுதப் புறப்பட்டார்’, ‘எழுதிக்கொண்டே போனார்’ என்னும் தொடர்களில், இலக்குக்குச் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமும் நிகழும் போக்குக்குச் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சமும் வருகின்றன. இதனைக் கண்டு, ‘செய’ என்பது ‘டு’வுக்கும் ‘செய்து’ என்பது ‘-இங்’குக்கும் நிகர் என முடிவுசெய்தல் பிழை. ‘எண்ட் அப் செல்லிங் த ஹவுஸ்’ என்பதற்குக் ‘கடைசியில் வீட்டை விற்க நேர்தல்’ என்பதே தமிழ் வழக்கு. ‘செட் அபௌட் ரைட்டிங்’ என்பதும் ‘எழுத முற்படுதல்’ என்றே ஆகும். ஆங்கிலத்தில் ‘-இங்’ வரும் இவ்விரு இடங்களிலும் தமிழில் வருவது ‘செய’ எச்சம். இரு மொழிகளும் இலக்கையும் போக்கையும் வேறுபடுத்துகின்றன. அவ்வேறுபாட்டைச் சுமக்கும் உறுப்புகள் ஒத்திருப்பதில்லை.

முடிவுரை

ஆகவே, சொற்றொடர் வினையைக் கற்பிக்கும்போது இரு வினாக்களை முறையாக எழுப்புதல் வேண்டும். உடன்வரும் இறுதிச் சிறு சொல் முன்னுருபா, வினையடையா? வினையடையாயின், தொடரும் செயல் எட்டவேண்டிய இலக்கா, நடந்துகொண்டிருப்பதா, வந்தடைந்த நிலையா? இவ்வினாக்கள் எல்லாச் சொற்றொடர் வினைகளையும் விளக்கிவிடும் என்று கூறுவதற்கில்லை. எனினும் இங்கு ஆராய்ந்த ஐந்தனுள் ஒன்றும் காரணமின்றி மனப்பாடம் செய்ய வேண்டியது அன்று. இருமொழி அகராதிகள் ‘கோ ஆன் டு’, ‘கோ ஆன் -இங்’ என்பவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகத் தருதல் இத்திசையில் முதற்படியாகும்.