சதுரங்கக் கடிகாரத்தின் கொடி

ஒரே மரப்பெட்டியில் இரண்டு முகங்கள் கொண்ட, சாவி கொடுத்து ஓட்டும் சதுரங்கக் கடிகாரத்தின் அழகு, அதன் தலையிலுள்ள குமிழ்களில் ஒன்று அமிழ மற்றது எழுந்து, ஆடி முடித்தவரின் நேரத்தை நிறுத்தி எதிராளியின் நேரத்தை ஓடவிடும் அந்த ஒற்றைத் 'தடக்' ஒலியில் இருக்கிறது. காயை நகர்த்திய கையாலேயே குமிழை அழுத்த வேண்டும் என்பது விதியாதலால், பழகிய விரல்கள் காயை வைத்த வேகத்திலேயே குமிழைத் தொட்டு மீள்வதில் ஒரு நளினம் படிந்துவிடுகிறது. மின்னணுக் கடிகாரங்கள் இதைவிடத் துல்லியமானவைதாம். ஆயினும், 'கொடி' எனப்படும் சிறு தகட்டை நிமிடமுள் சில நிமிடங்கள் முன்பிருந்தே மெல்லத் தூக்கிச் சென்று, 12-ஐத் தொடும் கணத்தில் கைவிட, அது சட்டென விழும் காட்சி அவற்றில் இல்லை. பள்ளிப் போட்டிகளில், பலகையை மறந்து அக்கொடியையே பார்த்திருக்கும் சிறுவர்களும் உண்டு.