பூவுக்கு விலாசம்

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு நண்பர். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு ரிட்டையர் ஆனவர். மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அதிலிருந்து காலை ஐந்தரைக்கே மனுஷர் பூங்காவில் ஆஜர். போன ஞாயிறு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன்.

"சார், நீங்க விமரிசனம்லாம் எழுதறீங்க. 'வசந்தம்'னு ஒரு செட் எடுத்திருக்கேன். வந்து பார்த்து உண்மையைச் சொல்லணும்."

உண்மையைச் சொல் என்று யாராவது கேட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அனுபவம். ஆனால் காபி தருவதாகச் சொன்னார். போனேன்.

டி.வி.யில் பென் டிரைவைச் செருகி ஆரம்பித்தார். மொத்தம் 312 படங்கள். செம்பருத்தி. செம்பருத்தி, கிட்டத்தில். செம்பருத்தி, இன்னும் கிட்டத்தில். காகிதப்பூ. சரக்கொன்றை. எல்லாவற்றிலும் பூ நட்ட நடுவில், பின்னணி பூராவும் பச்சையாகக் குழைந்த மங்கல். பல இதழ்களின் மேல் பனித்துளி.

"சென்னையில பங்குனி மாசம் இவ்வளவு பனியா?" என்றேன்.

சற்றுத் தயங்கினார். "இஸ்திரி போடறப்போ தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் சார். இன்டர்நெட்ல அப்படித்தான் பண்ணச் சொல்லியிருக்கான்."

அவரைக் கேலி செய்யவில்லை. உங்கள் செல்போனைத் திறந்து பாருங்கள். இதே செம்பருத்தி அதிலும் இருக்கும். என்னுடையதில் பதினேழு இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். வசந்தத்தைப் படம் எடுக்கிற நம் எல்லோருக்கும் இருப்பது ஒரே வியாதி. பூவை எடுக்கிறோம், வசந்தத்தை விட்டுவிடுகிறோம். பின்னணியை மங்கவைத்தவுடன் அந்தப் பூவுக்கு விலாசம் போய்விடுகிறது. அது மாம்பலத்துச் செம்பருத்தியா, மலேசியாச் செம்பருத்தியா? இந்த வருஷத்ததா, போன வருஷத்ததா? போதாக்குறைக்கு, செம்பருத்தி நம் ஊரில் வருஷம் பூராவும் பூக்கிற சமாசாரம். அதை வைத்து வசந்தம் வந்தது என்பது, டீக்கடை திறந்திருப்பதைப் பார்த்து தீபாவளி வந்துவிட்டது என்பது மாதிரி.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு ஜெர்மானியரை அறிமுகப்படுத்த வேண்டும். கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட். 1865-ல் பிறந்தவர். பெர்லினில் கலைத்தொழில் பள்ளி ஒன்றில் ஆசிரியர். முறையாகப் புகைப்படம் படித்தவர் இல்லை. இரும்புக் கிராதி, தூண், அலங்கார வேலைகளுக்கு வடிவங்கள் எங்கிருந்து வருகின்றன என்று மாணவர்களுக்குக் காட்டத்தான் செடிகளைப் படம் எடுத்தார். கேமராகூடக் கையால் செய்ததுதான். ரோஜாவைத் தேடிப் போகவில்லை. வழியோரத்துக் களைகள், ரயில் பாதை ஓரத்துச் செடிகள் என்று பறித்து வந்து, வெறும் அட்டையின் முன்னால் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தார். முப்பது வருஷம் இதே வேலை. 1928-ல், அறுபதைத் தாண்டியபின், 'கலையின் மூல வடிவங்கள்' என்ற பொருள் தரும் தலைப்பில் புத்தகம் வந்து ஒரே நாளில் பிரபலமானார். வால்டர் பெஞ்சமின் அதே வருஷம் மதிப்புரை எழுதினார்.

அதில் சுருள் விரியாத பெரணி இலைகள் இருக்கின்றன. வசந்தத்தில் தரையிலிருந்து சுருட்டிக்கொண்டு எழும்புமே, அது. பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது நம் கோயில் யாளியின் தும்பிக்கை மாதிரி இருக்கிறது. கிளை நுனியில் பிறக்கப்போகும் துளிர் ஒன்று, கோபுரக் கலசம் மாதிரி. கறுப்பு வெள்ளை. பனித்துளி கிடையாது. ஆனால் 'இதோ வெடிக்கப் போகிறேன்' என்கிற அழுத்தம் ஒவ்வொரு தண்டிலும் தெரிகிறது. மலர்ந்துவிட்ட பூவில் செய்தி முடிந்துவிடுகிறது. மொட்டிலும் துளிரிலும்தான் அது நடந்துகொண்டிருக்கிறது. நண்பருடைய 312-ல் மொட்டு எத்தனை என்று பார்த்தேன். நான்கு. அதுவும் பூவுக்குப் பக்கத்தில் நின்றதால் தற்செயலாக விழுந்தவை.

ப்ளாஸ்ஃபெல்டிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் படங்களில் காற்று இல்லை, மண் இல்லை, நாள் இல்லை. துளிரைச் செடியிலிருந்து வெட்டி எடுத்த மாதிரி, வசந்தத்தையும் வருஷத்திலிருந்து வெட்டி எடுத்துவிட்டார். வடிவம் கிடைத்தது, பருவம் போயிற்று. நண்பர் பின்னணியை மங்கடித்தார், இவர் அட்டையால் மறைத்தார். இருவருக்கும் திறமையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் விலாசம் விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி.

எதிர்க்கட்சிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்று ஓர் ஊர். அங்கே கல்லறைத் தோட்டத்தில் 1868-ம் வருஷம் மே 30 அன்று யாரோ ஒரு படம் எடுத்தார்கள். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நாள். எடுத்தவருக்கு வசந்தத்தைப் பற்றி எந்த யோசனையும் இருந்திருக்காது. மனிதர்களும் கல்லறைகளும்தான் விஷயம். பின்னால் மரங்கள். அவ்வளவுதான்.

2005-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கோஷ்டி அந்தப் பழைய படத்தை வைத்துக்கொண்டு, அதே இடத்தில், அதே மே 30 அன்று இன்னொரு படம் எடுத்தது. 1868 படத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. 2005-ல் இலை அடர்ந்து தழைத்து நிற்கின்றன. 2006-ல் ரிச்சர்ட் ப்ரைமாக் முதலானோர் இதை ஒரு தாவரவியல் சஞ்சிகையில் கட்டுரையாக வெளியிட்டார்கள். பழைய புகைப்படங்களையும் உலர்த்தி ஒட்டிவைத்த தாவர மாதிரிகளையும் கொண்டு, பூமி சூடாவதால் மரங்கள் எத்தனை முன்னதாக விழித்துக்கொள்கின்றன என்று கணக்கிட முடியும் என்பது சாரம்.

நீங்கள் கெட்டிக்காரர். 'ஒரே ஒரு படத்தை வைத்து எப்படி? அந்த வருஷம் குளிர் அதிகமாக இருந்திருக்கலாமே?' என்று கேட்பீர்கள். நியாயம். 1868-ல் அங்கே வசந்தம் குளிராகத்தான் இருந்தது. அதனால்தான் ஒரு படம் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும் என்கிறார்கள். அத்தனை படங்களை விஞ்ஞானிகள் 1868-க்குத் திரும்பிப் போய் எடுக்க முடியாது. அன்றைக்கு நம்மைப் போன்ற அமெச்சூர்கள் எடுத்து, மூலையில் தேதி எழுதி, பெட்டியில் போட்டு வைத்திருந்தால்தான் உண்டு.

கியோட்டோ நகரத்துச் செர்ரிப்பூ கதையும் இதேதான். பூ பார்க்கும் விருந்து என்றைக்கு என்று அரசவைக்காரர்களும் துறவிகளும் டயரியில் எழுதி வைத்தார்கள். அதைத் திரட்டி 9-ம் நூற்றாண்டுவரை பின்னோக்கிப் போய்விட்டார்கள். 2021-ல் மார்ச் 26 அன்று மரங்கள் உச்சப் பூப்பில் இருந்தபோது, அதுவரை கிடைத்த பதிவுகளிலேயே மிக முன்னதான தேதி அது என்று சொல்ல முடிந்தது, ஆயிரத்து இருநூறு வருஷமாக யாரோ விருந்துக்குப் போய்விட்டு வந்து தேதி போட்டதால்தான்.

நம் ஊரில் இந்தக் கவலை இல்லையா என்றால், இருந்தது. குறுந்தொகையில் கோவத்தனார் பாடல் ஒன்று. கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போன தலைவனைக் காணோம், கொன்றையோ பூத்துவிட்டது. தோழி, 'இது பருவ மழை இல்லை, வேளை தவறிப் பெய்த மழை. இந்தக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது' என்று தலைவியைத் தேற்றுகிறாள். வசந்தம் அல்ல, கார்காலம்தான்; இருந்தாலும் விஷயம் அதேதான். பூவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறாள். பூ பொய் சொல்லலாம், தேதி என்ன என்று பார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கவனம் 312 படங்களில் எங்கே என்பதுதான் என் விமரிசனம்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன், கொஞ்சம் மிருதுவாக. "தேதிதானே சார், கேமராவிலேயே பதிவாகுமே" என்றார். பார்த்தோம். அத்தனை படமும் ஜனவரி 1, நள்ளிரவு என்று காட்டியது. வாங்கிய நாளிலிருந்து கடிகாரத்தை செட் பண்ணவே இல்லை.

சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனார். "அடடா, இது எப்படி இதுல சேர்ந்தது? மகன் பழசையெல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டான். தள்ளிடறேன்."

"தள்ளாதீங்க" என்றேன்.

ஃபிலிம் ரோல் காலத்துப் படம். சற்று ஆடியிருந்தது. ஒரு பழைய வீட்டின் முற்றம். வேப்பமரத்தடியில் வேஷ்டியை விரித்து, உதிர்ந்த பூவை ஓர் அம்மாள் குனிந்து வாரிக்கொண்டிருக்கிறார். தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. பின்னால் துணிக்கொடி, சைக்கிள், தண்ணீர்க் குடம். வலது மூலையில் ஆரஞ்சு எழுத்தில்: '94 3 27.

"என் ஒய்ஃப். வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ. கடையில வாங்கினா ஒத்துக்க மாட்டா." கொஞ்ச நேரம் கழித்து, "2016-ல போயிட்டா. அந்த மரம் இருந்த இடம்தான் சார் இப்ப நம்ம கார் பார்க்கிங்" என்றார்.

312 படங்களில் வசந்தத்தின் அடையாளம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். பூ என்று பார்த்தால் வெள்ளையாகச் சிதறிய புள்ளிகள். ஆனால் எந்த மரம், எந்த ஊர், எந்த நாள், அந்தப் பூவால் ஒரு வீட்டில் என்ன வேலை நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. 1994-ல் மார்ச் 27-க்குள் மாம்பலத்தில் ஒரு வேம்பு வேஷ்டி நிறையப் பூ உதிர்த்தது என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இருக்கும் என்று தோன்றவில்லை.

உங்களுக்கும் ஒரு சின்ன வேலை. இந்த வருஷம் பூங்கா பூராவும் சுற்றாதீர்கள். ஜன்னலிலிருந்து தெரிகிற ஒரு மரம் போதும். அரசோ புங்கமோ வேம்போ. வாரம் ஒரு நாள், அதே இடத்தில் நின்று ஒரு படம். பின்னணி தெளிவாக இருக்கட்டும். கரண்ட் கம்பி வந்தால் வரட்டும். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் சேர்ந்து வாராவாரம் ஒரு மரத்தின் இலை, பூ, காயைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முடிகிறது, நமக்கென்ன?

நேற்று நண்பர் போன் செய்தார். "சார், பரண்ல அவளோட மாசக் காலண்டர்லாம் கெடச்சுது. பால் கணக்குக்குப் பக்கத்துல 'வே.பூ'ன்னு எழுதியிருக்கா. ஒன்பது வருஷம் இருக்கு. சில வருஷம் மார்ச் கடைசி, சில வருஷம் ஏப்ரல் முதல் வாரம். ஒரு ஒழுங்கும் தெரியலையே?"

"ஒன்பதில் தெரியாது. தொடர்ந்து எழுதுங்கள்" என்றேன்.

கேமராவில் தேதியைச் சரிபண்ணிவிட்டாராம். முதல் படத்தை அனுப்பியிருந்தார். எதிர்வீட்டு வேம்பு, குறுக்கே கேபிள் வயர், கீழே குப்பைத்தொட்டி, கிளை நுனியில் சிவப்பாகக் கொஞ்சம் கொழுந்து. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல படம்.