இதயப்புழுவும் மாத மாத்திரையும்: ஒரு மதிப்பீடு

இதயப்புழுவைத் தடுக்க அமெரிக்காவில் நாய்களுக்கு மாதம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். இன்று கொடுத்தால் வரும் முப்பது நாளுக்கு அது காவல் என்று வளர்ப்பவர்கள் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், கடந்த மாதம் கொசுக்கடியால் உடலில் ஏறிய இளம்புழுக்களைத்தான் மாத்திரை கொல்கிறது. இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் இதுவே.

டைரோபைலேரியா இம்மைட்டிஸ் என்ற இப்புழு நாயிடமிருந்து நாய்க்கு நேராகத் தொற்றாது. நோயுள்ள நாயின் இரத்தத்தோடு நுண்புழுக்களைக் குடித்த கொசுவுக்குள், வெயில் காலத்தில் சுமார் இரண்டு வாரத்தில் அவை தொற்றும் பருவத்தை எட்டும். அந்தக் கொசு கடிக்கும் அடுத்த நாயின் உடலில் புகுந்து, ஏறக்குறைய 6 மாதத்தில் நுரையீரல் தமனிகளில் முதிரும். பெண்புழு 25 செ.மீ.க்கு மேல் நீளும்; 5 முதல் 7 ஆண்டு வாழும். முதிர்ந்த புழுவைக் கொல்ல ஆர்சனிக் கலந்த மெலார்சோமின் ஊசியை முதுகுத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். செத்த புழுக்களின் துண்டுகள் நுரையீரல் இரத்தக்குழாய்களை அடைக்கக்கூடும் என்பதால் நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் கட்டிக்காக்க வேண்டும். இத்தனை வேதனையையும் வருமுன் தவிர்ப்பதே மாத்திரையின் முதல் பெருமை.

அதன் பாதுகாப்பும் பெரிது. ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரிலிருந்து, வில்லியம் கேம்ப்பெல்லின் குழு உருவாக்கிய மருந்தின் வழிவந்தது ஐவர்மெக்டின். இருவரும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நாய்களுக்கான மாத மாத்திரையாக 1987-இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பு டைஎத்தில்கார்பமசைன் என்ற மருந்தை நாள்தோறும் கொடுக்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் நுண்புழு உள்ள நாய்க்கு அது உயிராபத்தாகவும் முடியும். ஐவர்மெக்டினோ எடையில் ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும். இம்மருந்து எளிதில் நஞ்சாகும் மரபணுக் குறை கொண்ட காலி இன நாய்களும் இந்த அளவைத் தாங்கும்.

ஆனால் காசு மிச்சம் பிடிக்க மாட்டுக்கான 1 சதவீத மருந்தைக் கையால் அளந்து கொடுக்கும் பழக்கம் இந்தப் பாதுகாப்பைக் குலைக்கிறது. 20 கிலோ நாய்க்கு அதில் தேவைப்படுவது ஒரு மில்லிலிட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அதைச் சாதாரண ஊசிக்குழலால் சரியாக அளப்பது கடினம்.

பெரிய பலவீனம் இடைவெளி. இளம்புழு இரண்டு மாத வயதை நெருங்கும்போது மாத்திரைக்கு அடங்காமல் போகத் தொடங்கும். மருந்தை விட்ட மாதங்களில் தொற்று ஏறியிருந்தால் உடனே தெரியாது. வழக்கமான பரிசோதனை முதிர்ந்த பெண்புழுவின் புரதத்தையே காட்டுவதால் 6 மாதம் கழித்தும் இரத்தம் பார்க்க வேண்டும். பரிசோதிக்காமல் மாத்திரையைத் தொடர்ந்தால் நோய் மறைவாக வளரும். மருந்தைத் தாங்கும் நுண்புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகவும் வழி பிறக்கும். மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்படுகையில் மருந்தை எதிர்க்கும் புழுக்கள் இருப்பது ஆய்வகத்தில் உறுதியாகிவிட்டது.

ஆண்டு முழுதும் மாத்திரை தரச் சொல்கிறது அமெரிக்க இதயப்புழுச் சங்கம். வெப்பம் சுமார் 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கொசுவுக்குள் புழு வளர்வதில்லை. வடக்கு மாநிலமான மின்னசோட்டாவின் உறைபனிக் காலத்தில் தொற்றுக்கு இடமில்லை என்ற எதிர்வாதம் உயிரியல்படி சரியே. ஆனால் பருவம் பார்த்து நிறுத்துபவர்கள் வசந்தத்தில் மீண்டும் தொடங்கத் தாமதிப்பதும், இலையுதிர் காலக் கடிகளுக்கான கடைசி மாத்திரையை விட்டுவிடுவதும் நடக்கிறது. எனவே வடக்கே ஆண்டு முழுதும் கொடுப்பதன் நியாயம் மனித மறதியில் இருக்கிறது. லூசியானா போன்ற தெற்கு மாநிலங்களில் அந்த நியாயம் கொசுவிலேயே இருக்கிறது. மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை வளர்ப்பவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. மாத்திரை காப்பது அதை விழுங்கும் நாயை மட்டுமே. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் தெற்கிலிருந்து மீட்கப்பட்ட நாய்கள் பல மாநிலங்களுக்குப் போனபோது இதயப்புழுவும் கூடவே போனது. ஆதரவற்ற நாய்களையும் கொயோட்டி என்ற காட்டு நாயினத்தையும் கடிக்கும் கொசுக்கள் இருக்கும்வரை நோயின் ஊற்று வற்றாது.

குறைகளை எண்ணி இம்முறையைக் கைவிடுவது நாய்களுக்குச் செய்யும் கொடுமை. ஆண்டுக்கொரு இரத்தப் பரிசோதனை, நாள் தவறாத மாத்திரை, கொசு ஒழிப்பு, காப்பக நாய்களுக்கும் சிகிச்சை: இந்நான்கும் சேர்ந்ததுதான் முழுமையான தடுப்பு. மாத்திரையை மட்டும் விற்று மற்ற மூன்றையும் விட்டுவிடும் மருத்துவம் தன் வேலையில் பாதியைக்கூடச் செய்யவில்லை.