வரைபடம் இல்லாத பெட்டி

மந்தைவெளியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் சென்ற கோடையில் இரண்டு நாள் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழ்த்தொட்டியில் நீர் இருந்தது. மோட்டாரும் நன்றாகவே இருந்தது. பழுதுபட்டது அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. பழுதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள். சரிசெய்யப் பத்து நிமிடம். இந்தக் கணக்கு எங்கே தவறியது? ஒரு நூலை மதிப்பிடுவது போல அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

அட்டைப்படம் அழகுதான். சாம்பல் வண்ணம், சிவப்பும் பச்சையுமாக விளக்குகள், மீட்டர்கள். உள்ளே எல்லாக் கம்பிகளும் கறுப்பு! நம் நாட்டில் நெடுநாளைய வழக்கப்படி மூன்று பேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம்; நியூட்ரலுக்குத்தான் கறுப்பு. (ஐரோப்பிய இயந்திரங்களில் நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு பேஸ். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.) கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் ஒரே நிறக் கம்பி போடுவது உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்போது ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் ஃபெரூல் எனப்படும் எண் வளையம் இருந்தாக வேண்டும். இங்கே ஒன்றுகூட இல்லை. "சார், எந்த ஒயர் எங்க போகுதுன்னு இதைக் கட்டினவருக்குத்தான் தெரியும்" என்றார் மின்பணியாளர்.

எண் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நிறுத்தும் பொத்தான், ஓவர்லோடு ரிலே, பேஸ் தவறினால் நிறுத்தும் கருவி, தொட்டியின் மிதவை ஸ்விட்ச் ஆகிய எல்லாம் கான்டாக்டரின் சுருளோடு தொடராக இணைந்தவை. எது திறந்தாலும், ஏன், ஒரு கம்பி அறுந்தாலும், சுருள் காந்தத்தை இழந்து மோட்டார் நின்றுவிடும். பாதுகாப்பான, அருமையான ஏற்பாடு! தொடக்கப் பொத்தானை அழுத்தியபடி, சுருளின் மறுமுனையோடு ஒப்பிட்டு, 1, 2, 3 என்று வரிசையாக வோல்ட்மீட்டரை வைத்துப் போனால், அழுத்தம் எந்த எண்ணில் மறைகிறதோ அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கோளாறு. எண் இல்லாவிட்டால் ஒவ்வொரு கம்பியையும் கையால் தடவித் தொடர வேண்டும். அந்தப் பெட்டியில் சுருளே 415 வோல்ட்டில் வேலை செய்வது. கதவிலுள்ள பொத்தான்களுக்கும் அதே 415 வோல்ட். ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 அல்லது 24 வோல்ட்டுக்கு இறக்கியிருந்தால் அந்த மனிதரின் விரல்களுக்கு இத்தனை சோதனை இல்லை.

கோளாறு மிதவை ஸ்விட்ச் கம்பியில். முறுக்கி நாடா சுற்றிய ஓர் இணைப்பு. கடற்காற்றில் செம்பு பச்சை பூத்துவிட்டது.

மோட்டார் செல்லும் வழியிலும் ஒரு முனை பழுப்பேறியிருந்தது. திருகு தளர்ந்து 0.25 ஓம் தடை ஏற்பட்டது என்று கொள்வோம். 8 ஆம்பியர் ஓடினால் அழுத்த இழப்பு 2 வோல்ட். 415-ல் இது மோட்டாருக்கு உறைக்காது. ஆனால் வெப்பம் 8 × 8 × 0.25 = 16 வாட். சிறு பற்றவைப்புக் கோலின் சூட்டுக்கு அருகில், ஒரே திருகில்!

நில இணைப்பு மட்டும் ஒழுங்காக இருந்தது. கதவுக்கும் தனியே பின்னல் கம்பி கொடுத்திருந்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பெட்டி தரையிலிருந்து ஓரடி உயரத்தில். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்தில் புகுந்ததைக் கண்ட ஊரில் இப்படியா மாட்டுவது? "ஐ.பி. 54 பெட்டி" என்றார்களாம். அந்த 4 தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். மூழ்கினால் தாங்க 7 வேண்டும்.

முழுப் பழியையும் வழங்கியவர்மேல் போடமாட்டேன். மூன்று விலைப்புள்ளி வாங்கிக் குறைந்ததைத் தேர்ந்தது எங்கள் சங்கம்தான். வரைபடம் தருவீர்களா, மாற்றுக் கான்டாக்டர் ரிச்சி தெருவிலோ வேறு கடையிலோ எளிதில் கிடைக்குமா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நான் உட்பட, இயற்பியல் கற்பிப்பவன்.

மின்பணியாளர் வெள்ளை நாடாவில் பேனாவால் எண் எழுதிக் கம்பிகளில் ஒட்டினார். என் மகளின் நோட்டுத்தாளில் சுற்றை வரைந்து கதவின் உட்புறம் ஒட்டினோம். வரைபடம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.