ஜாஹிஸ் டார்வினுக்கு முன்னோடியா?

காவேரிப்பாக்கம் பேரேரியை அமைத்தவன் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் என்பர். அவன் ஆண்ட அதே ஒன்பதாம் நூற்றாண்டில், பஸராவின் அறிஞர் அல்ஜாஹிஸ் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை இயற்றி, ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-69) மறைந்தார். டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்னரே பரிணாமத்தைக் கண்டவர் ஜாஹிஸ் என நம் மேடைகளிலும் மலர்களிலும் பெருமிதத்துடன் கூறப்படுகிறது. இக்கூற்று ஆராயத்தக்கது.

ஓருயிர் மற்றோருயிருக்கு இரையாகும் தொடரை ஜாஹிஸ் நுணுகி நோக்கினார் என்பதில் ஐயமில்லை. கறுப்பு மக்களின் சிறப்பைப் பேசும் தமது மற்றொரு நூலில், பனூ சுலைம் குலத்தார் வாழும் எரிமலைக் கற்பரப்பில் மனிதரும் விலங்குகளும் கறுத்திருப்பதைச் சுட்டி, அந்நிலமே அந்நிறத்தைத் தந்தது என்றார். வேறுபாடு தொடங்குவது இங்குதான். ஜாஹிஸின் கருத்தில் நிலம் உடலை நேராக மாற்றுகிறது. இன்றைய உயிரியலிலோ தனியுயிர் பரிணமிப்பதில்லை, உயிர்த்தொகையே பரிணமிக்கிறது. மரபணுவில் மாற்றம் முதலில் தற்செயலாக எழுகிறது. அதனை உடையோர் மிகுதியாகப் பிழைத்து மக்களைப் பெறும்போது, தலைமுறைதோறும் அதன் விகிதம் உயர்கிறது. அரிசோனாவின் எரிமலைப் பாறைகளில் வாழும் கரிய சுண்டெலிகளின் நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம் 2003இல் கண்டறியப்பட்டது. பாறை எலியைக் கறுக்கச் செய்யவில்லை. வெளிறிய எலிகளை ஆந்தைகளுக்குக் காட்டிக்கொடுத்தது. 'தற்செயல்' என்னும் சொல் இறைநாட்டத்தை மறுப்பதன்று. மாற்றம் தேவையை நோக்கி எழுவதில்லை என்பதே அதன் பொருள்.

மனிதரிடத்தும் இதுவே நிகழ்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகிய இருவர் 1952இல் வெளியிட்டனர். ஹீமோகுளோபினுக்குரிய மரபணுவில் ஓரெழுத்து மாறியதன் விளைவு அது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து காப்புண்டு; இருவரிடமிருந்தும் பெற்றவரைக் கொடிய சோகை வருத்தும். மலேரியா மலிந்த அடிவாரங்களில் அம்மாற்றம் நிலைத்தமைக்குக் காரணம் இதுவே. கிழக்கு அரேபியாவில் காணப்படுவதும் இதே வகையினது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முன்னோடி யார் என்னும் வழக்கினும் இது நமக்கு நெருக்கமான செய்தி. தாய்மாமன் மருமகளை மணப்பதை விலக்கிய மார்க்கம், மாமன், அத்தை மக்கள் மணத்தை அனுமதித்தது, கடமையாக்கவில்லை. உறவுமணம் மரபணுக் குறையை உண்டாக்குவதில்லை. ஒரு குடும்பத்துள் மறைந்து கிடப்பதை வெளிப்படுத்துகிறது. அரிவாள் செல் மரபுக்கூறு உடைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய்வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. சவூதி அரேபியா 2004 முதல் அரிவாள் செல் சோகைக்கும் தலசீமியாவுக்கும் திருமணத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. முடிவெடுக்கும் உரிமையை மணமக்களிடமே விட்டது. நிக்காஹ் பேசும் நம் ஜமாஅத்துகளில் மஹருக்கும் சீர்வரிசைக்கும் உள்ள இடம் இப்பரிசோதனைக்கு உண்டா?

ஜாஹிஸை டார்வினாக்குவதில் நாம் ஒரு பட்டத்தைப் பெறுகிறோம், அறிவைப் பெறுவதில்லை. அரிஸ்டாட்டிலின் கூற்றையே ஐயுற்றுத் தம் கண்ணால் சோதிக்க விழைந்தவர் அவர். அவர் கூற்றையும் அவ்வாறே சோதிப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.